விட்டு வைத்த இடம்

மகள் சுவரை உரசிக்கொண்டு நடக்கத் தொடங்கியது எப்போது என்று அவளுக்குச் சரியாக நினைவில்லை. ஒரு மாலை, சமையலறையில் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து படுக்கையறை வரை நீளும் நடைவழியில், துணி சுவரில் தேய்வது போல் சர்ர் என்று ஒரு சத்தம் மெதுவாக நகர்ந்து போனது. எட்டிப் பார்த்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், இடது தோளைச் சுவரோடு அழுத்தி, உடம்பை ஒருக்களித்து, மூச்சைப் பிடித்தபடி தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பேர் கை வீசி நடக்கக்கூடிய நடைவழி அது. சுவரின் வெளிர் நீலப் பெயின்ட்டில், மகளின் தோள் உயரத்தில், நீளமாக ஓர் அழுக்குக் கோடு விழுந்திருந்தது. அப்படியென்றால் இது இன்று நேற்றுத் தொடங்கிய பழக்கம் இல்லை.

வேறொரு தாயாக இருந்தால் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டிருப்பாள். இவள் ஈரத்துணியை எடுத்து வந்து அந்தக் கோட்டைத் துடைத்தாள். போகவில்லை. துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு மறுபடி தட்டு அடுக்கப் போய்விட்டாள்.

அந்த நாட்களில் அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்தாள். ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் அவளுக்கு வேலை. ஊசி போட்டு மரத்துப்போன கன்னத்தோடு வெளியே வருகிறவர்கள், குழறும் வாயால் எப்போது சரியாகும் என்று அவளிடம்தான் கேட்பார்கள். "சாயங்காலத்துக்குள்ள உணர்ச்சி வந்துடும், அதுவரைக்கும் உதட்டைக் கடிச்சுக்காம பாத்துக்குங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்புவாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு மரத்துப்போனது அவளுக்கு இன்னும் விடவில்லை, எப்போது விடும் என்று சொல்லவும் ஆளில்லை. அவள் அழவில்லை. அதைப் பற்றி உறவுக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியும். அவருடைய சட்டைகளையும் செருப்புகளையும் யாருக்கோ கொடுத்தாள், படங்களைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். ஆனால் சோபாவில் அவர் உட்காரும் மூலையில் அவளும் உட்காரவில்லை, மகளையும் உட்கார விடவில்லை. கட்டிலில் அவர் பக்கம் விரிப்பு கலையாமலே கிடந்தது. அந்த இடங்களை மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டு வைத்திருந்தாள்.

வலைத்தள வடிவமைப்பு வகுப்பில் சேர்ந்தது கணவர் உயிரோடு இருந்தபோது. டாக்டருக்குத் தன் மருத்துவமனைக்கென்று ஒரு வலைத்தளம் வேண்டும், அதற்கு வெளியாளைப் பிடிக்க மனமில்லை. நீயே கற்றுக்கொள் என்று அவளைக் கல்லூரியின் மாலை வகுப்புக்கு அனுப்பினார். "ஊர்ப் பல்லையெல்லாம் பாத்தது போதும்னு இப்ப கம்ப்யூட்டர் வாயைத் திறக்கப் போறியா?" என்று கணவர் கிண்டலடித்தார். முதல் நிலை முடிந்தது. அவர் போனார். வகுப்பு நாளென்று கைப்பேசி நினைவூட்டியதால் இடைநிலைக்கும் போய் உட்கார்ந்தாள். அங்கே என்ன சொன்னாலும் செய்தாள். கம்ப்யூட்டர் அறையில் ஏசி எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். சூடான பிளாஸ்டிக் வாடையும் தரை துடைத்த மருந்து வாடையும் கலந்து வரும். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டார்கள். அது அவளுக்கு வசதியாக இருந்தது.

முதல் நிலையில் செய்த பக்கத்தையே இடைநிலையில் எடுத்து விரிவாக்க வேண்டும். அவள் செய்திருந்தது தன் வீட்டைப் பற்றிய பக்கம். மேலே அவள் படமும் கணவர் படமும் பக்கத்தில் பக்கத்தில், அதன் கீழே மகள் படம், அதற்கும் கீழே வீட்டின் அறைகள். ஒவ்வொரு படமும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். இப்போது அந்தப் பக்கத்தைத் திறந்தபோது கணவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியை அழிக்க மனசு வரவில்லை. படத்தை மட்டும் எடுத்துவிட்டு, காலிப் பெட்டியின் மேல், கண்ணில் படாதே என்று ஒரு சின்னக் கட்டளையை எழுதி வைத்தாள். வீட்டில் செய்ததையே இங்கேயும் செய்தாள் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

வாத்தியார் அவளைவிடச் சின்னவர், ஒல்லியானவர். மாணவர்கள் அவருக்குச் சிவப்புக்கோடு என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் எப்படிக் கோணிக்கொண்டாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: ஒரு வரி எழுதி, பக்கத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளைச் சுற்றியும் சிவப்புக் கோடு போட்டுவிடுவார். மறைந்திருக்கிற பெட்டியெல்லாம் மாட்டிக்கொள்ளும். அவர் அவள் பின்னால் வந்து நின்ற அன்று, திரையில் அவள் படத்துக்குப் பக்கத்தில் வெறும் வெள்ளை இருந்தது. அந்த வெள்ளை முன்பைவிடப் பெரிதாக இருந்தது. மகளின் படம் கீழே ஒரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, பக்கவாட்டில் நசுங்கி, கம்பி மாதிரி மெலிந்து நின்றது.

"பொண்ணாக்கா? பாவம், யாரோ நெருக்குறாங்க பாருங்க. இருங்க, ஆளைப் பிடிப்போம்."

கோடு விழுந்தது. எல்லாப் படங்களும் சிவப்புச் சட்டத்துக்குள் வந்தன. வெள்ளையின் நடுவிலும் ஒரு சட்டம். ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு உயரமாக, உள்ளே எதுவுமே இல்லாமல்.

"இதான். மறைச்சு வச்சிருக்கீங்க, ஆனா அதோட இடத்தை எடுக்கல. மறைக்கிறதுல ரெண்டு வகைக்கா. ஒண்ணு, ஆளு தெரியாது, இடம் அப்படியே இருக்கும். இன்னொண்ணு, ஆளும் தெரியாது, இடமும் கிடையாது, மத்ததெல்லாம் நகர்ந்து வந்து அந்த இடத்தை மூடிக்கும். நீங்க செஞ்சது முதல் வகை."

"ரெண்டாவது வகைல அது போயிடுமா சார்?"

"போகாது. பக்கத்துக்குள்ளதான் எங்கயாவது இருக்கும். நிக்க இடம் மட்டும் இருக்காது." அவர் குனிந்து காலிப் பெட்டியின் அளவைப் பார்த்தார். "ஆனா உள்ள ஒண்ணுமே இல்லாத பெட்டி தானா வளராதே. ஏதாவது இருக்கணும். உள்ள என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

அவர் தேடினார். ஒன்றும் இல்லை. தலையைச் சொறிந்துகொண்டார். போகும்போது, கட்டளைகளைப் பெட்டி மேலேயே எழுதும் முதல் நிலைப் பழக்கத்தை விடச் சொன்னார். இங்கே எல்லாவற்றையும் தனியாக ஸ்டைல் ஃபைலில்தான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும். "ஆனா ஒண்ணு. பெட்டி மேல எழுதினா அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். ஃபைல்ல பெட்டிக்கு வச்ச வகைப் பேரைச் சொல்லித்தான் எழுதணும், அந்தப் பேர் இருக்கிற எல்லாப் பெட்டிக்கும் சேர்த்து விழும். பாத்து எழுதுங்க." அவள் தலையாட்டினாள். அந்தக் காலத்தில் எதற்கும் தலையாட்டுவாள்.

அன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து விளக்குகளைப் போட்டுவிட்டு, மடிக்கணினியை மேசையில் வைத்து அதே பக்கத்தைத் திறந்தாள். சிவப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது, மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள், ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு அடங்கியது. அந்த அமைதியில் ஒரு வாடை வந்தது. ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன துணியின் வாடை. கணவரிடம் எப்போதும் சோப்பும் கிரீஸும் கலந்த வாடைதான் வரும். இது அது இல்லை. மகள் தட்டோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட, கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அந்தப் பக்கம் சோபா முழுக்கக் காலியாகக் கிடந்தது. அந்தக் காலி இடத்தில், அவர் உட்காரும் மூலையில் தொடங்கி நடுவரைக்கும், மெத்தை அமுங்கியிருந்தது.

"ஏன் கண்ணு இப்படி ஓரமா உக்காந்திருக்க?"

"இடம் இல்லம்மா."

பஸ்ஸில் சீட் கிடைக்காததைச் சொல்வது போலத்தான் மகள் சொன்னாள். அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. பயமா, ஆசையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தன் வாயிலிருந்து வந்த கேள்வி அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்பாவா?"

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்பா இல்ல. அப்பா இடத்துல இருக்கு, அவ்வளவுதான். நீதான் இடம் விட்டு வச்சிருக்கல்ல. அது வந்து உக்காந்துகிச்சு."

"எப்போலருந்து?"

"தெரியல. முன்ன சின்னதா இருந்துச்சு."

"உன்னை ஏதாவது பண்ணுதா?"

"பண்ணல. பெருசாகுது." மகள் கொஞ்சம் யோசித்தாள். "ராத்திரி என் ரூம்லயும் வந்து நிக்குதும்மா. கட்டில்ல ஓரமா படுத்துக்குறேன். இன்னும் பெருசாச்சுன்னா நான் எங்க படுக்குறது?"

அவள் எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தாள். அப்போது அவள் செய்தது, கணினித் திரையைத் திரும்பிப் பார்த்தது மட்டும்தான். காலிப் பெட்டி வகுப்பில் பார்த்ததைவிட அகலமாக இருந்தது. மகளின் படம் திரைக்குக் கீழே போய்விட்டிருந்தது, உருட்டினால்தான் தெரிந்தது. அன்றிரவு மகளைத் தன் கட்டிலில், தனக்கும் சுவருக்கும் நடுவில் படுக்க வைத்துக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால், அவர் பக்கத்தில், மெத்தை மெதுவாகத் தாழ்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பில் பக்கத்தைச் சமர்ப்பிக்கக் கடைசி மாலை. ஒருமுறை சமர்ப்பித்துவிட்டால் பூட்டிக்கொள்ளும், பிறகு வாத்தியாரே நினைத்தாலும் ஒரு எழுத்தைத் தொட முடியாது. மருத்துவமனையிலிருந்து கிளம்பவே தாமதமாகிவிட்டது. கம்ப்யூட்டர் அறையில் எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அமைதியாக இருந்தாள், ஏனென்றால் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டிருந்தாள். இடத்தை மூட வேண்டும். மகளுக்குப் படுக்க இடம் வேண்டும். கணவருக்கு என்று வைத்த இடத்தை எடுக்கிறோமே என்று ஒரு நொடி கை தயங்கியது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், மகளுக்காகத்தானே.

பெட்டியின் மேல் இருந்த பழைய கட்டளையை அழித்தாள். வாத்தியார் சொன்னபடி நல்ல மாணவியாக ஸ்டைல் ஃபைலைத் திறந்து, அந்தப் பெட்டியின் வகைப் பெயரைப் போட்டு, இரண்டாவது வகைக் கட்டளையை எழுதினாள். ஆளும் வேண்டாம், இடமும் வேண்டாம். சேமித்தாள்.

வெள்ளை மறைந்தது. கீழே இருந்ததெல்லாம் வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. அவள் படம், அதையடுத்து கூடம், சமையலறை, நடைவழி. எங்கும் ஒரு இடைவெளி இல்லை. சுத்தமாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"கதவைப் பூட்டப் போறோம், அனுப்பிட்டீங்களாக்கா?" என்று சிவப்புக்கோடு குரல் கொடுத்தார்.

அனுப்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தெருவிளக்குகள் முகத்தில் விழுந்து விழுந்து போயின. கைப்பேசியில் பக்கம் எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாமே என்று திறந்தாள். அவள் படம் திரையின் முழு அகலத்துக்கும் விரிந்திருந்தது. கீழே உருட்டினாள். கூடம். சமையலறை. நடைவழி. படுக்கையறை. பக்கம் முடிந்துவிட்டது. மறுபடி மேலே போனாள், மறுபடி கீழே வந்தாள். மகளின் படம் இல்லை.

அப்போதுதான் நினைவு வந்தது. முதல் நிலையில் மகளின் பெட்டியை அவள் தனியாக எழுதவில்லை. சோம்பேறித்தனம். கணவரின் பெட்டியை அப்படியே பிரதி எடுத்து, உள்ளே படத்தை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தாள். இரண்டுக்கும் ஒரே வகைப் பெயர். பெட்டி மேல் எழுதியிருந்தவரை அவருக்கு மட்டும். ஃபைலில் எழுதினால் இரண்டு பேருக்கும்.

வாத்தியாரைக் கூப்பிட்டாள்.

"சார், தப்பா அனுப்பிட்டேன். திருப்பி எடுக்கணும்."

"பூட்டிக்கிச்சுக்கா, முடியாது. ஏன், நல்லாத்தானே இருந்துச்சு? தனியா இருக்கிறவங்க வீடுன்னு பாத்ததும் தெரியுது. சிம்பிளா."

"தனியா இல்ல சார். என் பொண்ணு. நீங்ககூடச் சொன்னீங்களே, யாரோ நெருக்குறாங்கன்னு..."

மறுமுனையில் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குப் பொண்ணு இருக்காங்களாக்கா?"

பஸ் நிற்பதற்குள் இறங்கினாள். ஓடினாள். படிகளில் செருப்பு கழன்றது, விட்டுவிட்டாள். சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. பிறகு நுழைந்தது.

விளக்கைப் போட்டாள்.

கூடம் சின்னதாகியிருந்தது. சோபா இருந்த இடத்தில் ஒரே ஒரு நாற்காலி. செருப்பு அடுக்கில் அவளுடைய இன்னொரு ஜோடி மட்டும், சரியாக நடுவில். மேசை மேல் ஒரு தட்டு, ஒரு டம்ளர். எல்லாம் ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. எங்கும் ஒரு இடைவெளி இல்லை.

"பாப்பா!"

நடைவழிக்குப் போனாள். இரண்டு தோளும் இடித்தன. ஒரு ஆள் போகும் அகலம்தான் இருந்தது. குளியலறைக் கதவு, அதை ஒட்டி அவளுடைய படுக்கையறைக் கதவு, சட்டத்தோடு சட்டம். நடுவில் இருந்த மகளின் அறைக்கதவு இல்லை. விரலை விட்டுத் தேடினாள். நீலப் பெயின்ட். பழைய பெயின்ட். ஆனால் தோள் உயரத்தில் அந்த அழுக்குக் கோடு இருந்தது. கூடத்தில் தொடங்கி, சுவரோடு நீண்டு வந்து, இரண்டு கதவுச் சட்டங்களுக்கு நடுவில் மயிரிழைப் பிளவுக்குள் போயிருந்தது.

அவள் அழுதாள். முதலில் உதட்டோரம் ஊசி குத்துவது போல் குறுகுறுத்தது, பிறகு முகம், பிறகு நெஞ்சு, அதன் பின்னால் மொத்த வலியும் ஒரேயடியாக வந்தது. கணவருக்காக வராததும் சேர்ந்து வந்தது. சுவரைக் கையால் அடித்தாள். நகத்தால் கீறினாள்.

சர்ர்.

அடிப்பதை நிறுத்தினாள்.

சர்ர். சுவருக்குள். தோள் உயரத்தில். மெதுவாக அவளை நோக்கி.

"அம்மா."

"கண்ணு! எங்கடா இருக்க? அம்மா இங்கதான் இருக்கேன்!"

"இங்கதாம்மா. நிக்கவே இடம் இல்ல." மகளின் குரல் நசுங்கி வந்தது, கன்னத்தை எதிலோ அழுத்திக்கொண்டு பேசுவது போல. "கொஞ்சம் தள்ளிக்கோயேன்."

தள்ளிக்கொண்டாள். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டினாள். ஒருக்களித்தாள். வயிற்றை எக்கினாள். முகத்தைத் திருப்பிக் கன்னத்தைச் சுவரோடு வைத்தாள். முன்னால் கொஞ்சம் இடம் வந்தது. ஒரு சின்னப் பெண் நிற்கும் அளவுக்கு. போதும். அது போதும்.

"வா கண்ணு. இடம் விட்டுட்டேன். வா."

கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

ஈரத்துணியின் வாடை வந்தது.

முன்கையில் ஏதோ பட்டது. குளிர்ச்சியாக. பிறகு வயிற்றில். பிறகு மார்பில். விட்ட இடம் முழுக்க நிறைந்தது. நிறைந்த பிறகும் அது நிற்கவில்லை. அழுத்திக்கொண்டே வந்தது. மூச்சுக்கு இடமில்லை.

அதற்கு அந்தப் பக்கம், சுவருக்குள்.

சர்ர்.

"தள்ளிக்கோம்மா. இன்னும் கொஞ்சம் தள்ளிக்கோ."